ஆளை அளக்கும் நான்கு பள்ளிகள்

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய நம் கடைத்தெருக்களுக்கு 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்குரியவர் தொழிலாளர் கணக்கில் கைதேர்ந்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் அசையவில்லை. காந்தியும் தோழர்களும் விலைவாசியையும் பம்பாய் ஆலைகளின் கூலியையும் விசாரித்து, 35 சதவீதமே நியாயம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த எண்ணை முதலில் ஏற்க வேண்டியிருந்தவர்கள் தொழிலாளர்களே. அவர்கள் தங்கள் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். போராட்டம் நடந்த நாட்களில் துண்டுப் பிரசுரங்கள் வழியே காரணங்கள் அவர்களுக்கு விளக்கப்பட்டன. கடைசியில் நடுவர் தீர்ப்பும் 35 என்றே வந்தது.

பணியாளர் தரவைக் கொண்டு நிறுவனத்தை மாற்றியமைக்கும் வேலை இன்று ‘பீப்பிள் அனலிடிக்ஸ்’ என்ற பெயரில் தனித்துறையாகிவிட்டது. அதை அகமதாபாத் கணக்கால் உரசிப் பார்க்கலாம்: எண் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, யாரிடம் திரும்பிப் போனது? அமெரிக்கத் தமிழர்கள் பெருவாரியாக வேலை பார்க்கும் நியூ ஜெர்சி, பே ஏரியா, டெக்சஸ் ஆகிய மூன்றிலும் இந்த மரபுக்கு ஒவ்வொரு பள்ளி உண்டு.

மூத்தது கடிகாரப் பள்ளி. ஃபிரெடரிக் டெய்லர் பென்சில்வேனியா உருக்காலைகளில் இதைத் தொடங்கி, 1911இல் நூலாக்கினார். அவர் பார்த்தது நேரத்தை. நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் வாழ்ந்த ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதியர் பார்த்தது அசைவை. கொத்தனார் ஒரு செங்கல் வைக்கச் செய்த 18 அசைவுகளை ஃபிராங்க் 5 ஆக்கினார். மணிக்கு 120 கல் வைத்தவர் 350 வைத்தார் என்று டெய்லரின் நூல் சொல்கிறது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற லிலியன் ஒரு படி மேலே போனார். 1916இல் கணவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலின் பொருளே களைப்புதான். உடம்பு தளர்வதும் கணக்கில் வரவேண்டிய அளவு என்று அவர்கள் கண்டார்கள். ஆனாலும் இந்தப் பள்ளியில் அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் வேறொருவர். இருவரும் இடம் மாறுவதே இல்லை.

இதற்கு மறுப்பாக, அந்த மூன்று இடங்களுக்கும் வெளியே எழுந்தது பேச்சுப் பள்ளி. சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் விளக்கு வெளிச்சத்தில் தொடங்கி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகளாக விரிந்தன. அந்த ஆய்வின் எண்களைப் பின்னாளில் பலர் சந்தேகித்தார்கள். ஆனால் தொழிலாளியை உட்காரவைத்துக் கேட்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இப்பள்ளியின் சிறந்த சோதனை 1953இல் அகமதாபாத்திலேயே நடந்தது. இடம் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில். 1918இல் காந்திக்கு எதிர்ப்பக்கம் நின்ற அம்பாலாலின் ஆலை. புதிய தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி உயரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஆராய்ந்தார். 224 தறிகளுக்கு 29 பேர் இருந்தார்கள். வேலையோ 12 வகையாகச் சிதறிக் கிடந்தது. எவருக்கும் ‘இது என் தறி’ என்று சொல்ல வழியில்லை. சிறு குழுக்களாகப் பிரிந்து தறிகளைப் பொறுப்பேற்கலாம் என்று யோசனை சொன்னார். தொழிலாளர்கள் தாங்களே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, துணிச்சேதம் இறங்கியது.

பே ஏரியாவில் வளர்ந்தது ஒப்பீட்டுப் பள்ளி. ஒருவரை வேலைக்கு எடுக்க என்ன செலவு, ஆண்டுக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் முறையை 1970களின் இறுதியில் ஜாக் ஃபிட்ஸ்-என்ஸ் அங்கே தொடங்கினார். அதன் இன்றைய முகம் கூகுள். 2009இல் அங்கே, மேலாளர்களால் பயன் உண்டா என்ற கேள்வியோடு ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ தொடங்கியது. அப்ரைசல் மதிப்பெண்களையும் பணியாளர் கருத்துக்கணிப்பையும் சலித்து, நல்ல மேலாளரின் எட்டு குணங்களைப் பட்டியலிட்டார்கள். முதலில் நின்றது கற்றுக்கொடுக்கும் தன்மை. கடைசியில் நின்றது தொழில்நுட்பத் திறன். பொறியாளர் நிறைந்த இடத்தில் இது பெரிய அதிர்ச்சி. மேலாளர் குறித்துக் கீழிருப்பவர்கள் சொன்ன கருத்து மேலாளர் கைக்கே போனது. சம்பள உயர்வோடு அதைக் கோக்கவில்லை. திருந்துவதற்கு இடம் கொடுத்த அளவு அது.

டெக்சஸின் பள்ளி தரவரிசைப் பள்ளி. ஹூஸ்டனின் என்ரான் நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை எல்லோரையும் 1 முதல் 5 வரை வரிசைப்படுத்தி, கடைசி 15 சதவீதத்தினரை வாசல் நோக்கித் தள்ளியது. வரிசைக்கு அஞ்சியவர் கெட்ட செய்தியை மேலே சொல்வாரா? 2001 டிசம்பர் 2 அன்று என்ரான் திவாலானது.

ஆனால் டெக்சஸ் தரும் பெரிய பாடம் டெக்சஸ் சிட்டியில் இருக்கிறது. 2005 மார்ச் 23 அன்று பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். தரவு இல்லாமல் நடந்த விபத்தல்ல அது. அதே ஆண்டு ஜனவரியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கேட்டு டெலோஸ் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கை நிர்வாகத்தின் மேசைக்கு வந்துவிட்டது. உற்பத்தியும் செலவுக் குறைப்பும் முன்னே நிற்கின்றன, பாதுகாப்பு பின்னே போய்விட்டது என்ற அச்சம் அதில் பதிவாகியிருந்தது. மறுபக்கம், தனிநபர் காய விகிதம் ஆலையின் வரலாற்றிலேயே மிகக் குறைவு என்று இன்னொரு எண் பெருமையாக நின்றது. மேலிடம் நம்பியது இரண்டாவதை. விபத்தன்று பணியிலிருந்த சிலர் 29 நாட்களும் அதற்கு மேலும் விடுப்பின்றி 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தவர்கள். மான்ட்கிளேர் தம்பதியர் 1916இல் எழுதிய களைப்பு, 2005இல் எந்த வரைபடத்திலும் இல்லை.

அளவுகோல்கள் இத்தகைய அடிகளுக்குப் பிறகே பிறந்தன. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் 2010இல் ஆலைப் பாதுகாப்புக் குறியீடுகளுக்கு 754 என்ற நெறியையும், பணிக் களைப்புக்கு 755 என்ற நெறியையும் வெளியிட்டது. இவற்றை வகுத்த குழுக்களிலிருந்து தொழிற்சங்கம் பாதியில் விலகிவிட்டதை இங்கே குறிக்க வேண்டும். அளக்கப்படுபவர் கையெழுத்து இல்லாத நெறிகள் அவை. சட்டத்தின் பக்கம் 1978இன் ஐந்தில் நான்கு விதி உண்டு: ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பாகுபாடு உண்டா என்று ஆராய வேண்டும். உலக அளவில் 2018இன் ஐ.எஸ்.ஓ. 30414 மனிதவள அறிக்கைக்குப் பொது வடிவம் தந்தது. இவை எதை அளப்பது, எப்படி அளப்பது என்று சொல்கின்றன. யாரிடம் திருப்பித் தருவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்துக்கே விட்டுவிடுகின்றன.

நம் சமூகம் இந்த மேசையின் இருபுறமும் இருக்கிறது. ஒரு வீட்டில் டாஷ்போர்டு தயாரிப்பவர் இருக்கிறார். அடுத்த வீட்டில் அதில் ஒரு வரியாக இருப்பவர். எச்1பி விசாக்காரருக்கு ஆட்குறைப்புப் பட்டியலின் ஒரு வரி என்பது, வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் கெடு. ஆகவே தயாரிப்பவர் எண்ணை மேலே அனுப்புமுன், அதில் இருப்பவர்கள் அதைப் பார்த்தார்களா, மறுத்துச் சொல்ல வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். அது கருணை அல்ல, தொழில் நேர்த்தி. காலிகோவில் பலித்ததும் டெக்சஸ் சிட்டியில் தவறியதும் அதுவே.