ஐம்பது ஆண்டுக் குத்தகையில் கடல் மணல்

2024 நவம்பரில் ஒன்றிய அரசு கடலடிக் கனிமங்களை முதன்முறையாக ஏலத்துக்கு விட்டது. 13 தொகுதிகளில் மூன்று, கேரளத்தின் கொல்லத்துக்கு எதிரே கிடக்கும் கட்டுமான மணல். பொன்னானி, சாவக்காடு, கொச்சிக் கடலிலும் மணல் படிந்திருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வு மையம் சொல்கிறது. ஆகவே கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலுக்குப் படகெடுப்பதும் அங்கிருந்துதான்.

திட்டத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பாரதப்புழையும் பெரியாறும் மணல் அள்ளியே பள்ளமாயின. கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. 2001-இல் கேரளம் ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. பிறகு எம்-சாண்டுக்காக மலைகள் உடைபட்டன. ஆற்றையும் மலையையும் விட்டுவிட்டுக் கடலிலிருந்து எடுத்தால் என்ன என்ற கேள்வி நேர்மையானதுதான். பிரிட்டன் பல பத்தாண்டுகளாகக் கடல் மணலில் கட்டுகிறது. ஆனால் அங்கே கப்பல் எங்கே தோண்டுகிறது என்பது மின்னணுக் கருவியால் கண்காணிக்கப்படுகிறது. தோண்டிய பரப்பின் கணக்கும் ஆண்டுதோறும் வெளியாகிறது. உப்பு முழுதும் போகக் கழுவாத மணல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கழுவவோ நன்னீர் வேண்டும், அந்தச் செலவும் கணக்கில் ஏற வேண்டும்.

என் மறுப்பு குத்தகையின் காலத்தைப் பற்றியது. கடலடிக் கனிமங்களுக்கான 2023 திருத்தச் சட்டம் உற்பத்திக் குத்தகையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. மணல் சந்தையோ அவ்வளவு காலம் நிலைத்து நிற்பதில்லை. அமெரிக்க அனுபவம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கிணறுகளில், விரிசல்கள் மூடிக்கொள்ளாதிருக்க உருண்டையான குவார்ட்சு மணலைச் செலுத்துவார்கள். ஒரே கிணறு ஆயிரக்கணக்கான டன்களை விழுங்கும். அதற்காக அமெரிக்காவின் விஸ்கான்சினில் குன்றுகளைத் தோண்டினார்கள். பிறகு டெக்சாஸ் எண்ணெய் வயல்களுக்கு அருகிலேயே மலிவான மணல் கிடைத்தது. 2020-இல் கோவியா, ஹை-கிரஷ் போன்ற பெரிய மணல் நிறுவனங்களே திவால் பாதுகாப்பு கோரின. சில ஆண்டுகளில் தேவை இடம் மாறியது; தோண்டிய குன்று திரும்பவில்லை. கட்டுமான மணலுக்கும் மாற்றுகள் வந்துகொண்டிருக்கும்போது, கடலடியை அரை நூற்றாண்டுக்கு எழுதிக்கொடுப்பது ஏலம் எடுப்பவருக்கு மட்டுமே உறுதியளிக்கிறது.

தொகுதிகள் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் இருக்கின்றன, மீனவருக்கு என்ன கேடு என்று கேட்பார்கள். கொல்லம் பரப்பு கேரளத்தின் வளமான மீன்பிடித் தளங்களில் ஒன்று. மணலோடு அதில் வாழும் புழுவும் சிப்பியும் போகும். கிளம்பும் கலங்கல் தொகுதியின் எல்லைக் கோட்டில் நிற்காது. மீன் பெருகட்டும் என்று கேரளத்தில் விசைப்படகுகள் ஆண்டுக்கு 52 நாள் இழுவலை வீசாமல் நிற்கின்றன. அந்த இழப்பைச் சுமப்பவரிடம், ஆண்டு முழுதும் கடலடியைச் சுரண்ட வல்ல கப்பலால் தீங்கில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? போதாதற்கு, அந்த எல்லைக்கு அப்பால் உரிமைத்தொகை ஒன்றிய அரசுக்கே சேரும். நட்டம் மட்டும் இந்தக் கரைக்கு. 2025 பிப்ரவரியில் கடலோரம் கடையடைத்ததும், மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டதும் வெறும் உணர்ச்சி வேகத்தில் அல்ல.

தோண்டுவதற்கு முன்பே கடலடியின் நிலையை ஆய்ந்து மலையாளத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். ஒரே ஒரு சிறு தொகுதியில், சில ஆண்டுகளுக்கு மட்டும் சோதனை உரிமம் தரலாம். மீன்வரத்து குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கப்பல் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும், அதை நிறுத்தும் அதிகாரத்தில் துறைமுக மீனவர் சங்கங்களுக்கு இடமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத ஏலத்தைத் திரும்பப் பெறுவதே முறை.