வூட்ஸ்ரொக்: மேடையும் மக்களும்

றொக் இசை என்றவுடன் முகஞ் சுளிப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். பழமை பேணுவோர் அதனை வெறுங் கூச்சல் என்றனர். முற்போக்காளராகிய நாமோ முதலாளித்துவச் சீரழிவின் குரல் என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறி அமைந்துவிட்டோம். இரு சாராரும் அதனைச் செவிமடுக்கவில்லை என்பதே இவ்விரு தீர்ப்புகளுக்கும் உள்ள ஒற்றுமை.

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, 18ஆம் திகதி திங்கட்கிழமை முற்பகல் வரை அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நடைபெற்ற வூட்ஸ்ரொக் இசைவிழாவை இங்கு எடுத்துக்கொள்கிறோம். நாம் அங்கு சென்றிருந்தவர்களல்லோம். 1970இல் மைக்கல் வோட்லி இயக்கி வெளிவந்த ஆவணப் படத்தையும் ஒலிப்பதிவுகளையும் கொண்டே பேசுகிறோம். முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களும் குழுவினரும் அம்மேடையில் தோன்றினர். அவருள் நம் நெஞ்சில் நின்ற சிலரை மட்டும் நோக்குவோம். கலையின் சமூகப் பற்று எங்கே உறைகிறது எனும் பழைய வினாவுக்கு அவர்களிடம் புதிய விடை உண்டு.

விழாவுக்குப் பெயர் தந்த வூட்ஸ்ரொக் என்ற ஊரில் அது நடைபெறவில்லை. முதலில் தெரிந்தெடுத்த வோல்கில் என்னும் இடத்தில் அனுமதி மறுக்கப்படவே, பெத்தல் என்ற சிற்றூரிலே மக்ஸ் யாஸ்கர் எனும் பாற்பண்ணையாளர் தம் நிலத்தை வாடகைக்குக் கொடுத்தார். இளைஞர் நால்வர் இலாபம் கருதித் தொடங்கிய முயற்சி அது. மூன்று நாட்களுக்கு 18 டொலர் என முன்கூட்டியே நுழைவுச் சீட்டு விற்றனர். ஆயின் எஞ்சியிருந்த சில வாரங்களில் மேடையையும் வேலியையும் ஒருங்கே முடிக்க இயலவில்லை. மேடை எழுந்தது, வேலி எழவில்லை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தனர். வேறு வழியின்றி விழா இலவசம் என அறிவிக்கப்பட்டது. மழையும் சேறும் உணவுத் தட்டுப்பாடும் நேர்ந்தபோது அயலூர் மக்கள் உணவு திரட்டி அனுப்பினர். உறங்கிக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர் உழவு இயந்திரம் ஏறி மாண்டார். போதைப்பொருளால் மாண்டவரும் உண்டு. இவற்றையும் மறைத்தல் தகாது.

முதலில் மேடையேறியவர் ரிச்சி ஹேவன்ஸ். நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்த கறுப்பினக் கலைஞர். வீதிகள் யாவும் அடைபட்டுக் கிடந்தமையால் ஏனைய கலைஞர் வந்து சேரவில்லை. அவரை விட்டால் ஆளில்லை. தம்மிடமிருந்த பாடல்களைப் பாடி முடித்தும் மேடையை விட்டு இறங்க முடியாத நிலையில், கிற்றாரை மீட்டியபடி ‘விடுதலை’ எனும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கத் தொடங்கினார். அதனின்று அடிமைக் காலத்துக் கறுப்பின மக்களின் தாயற்ற பிள்ளையின் புலம்பற் பாடலுக்கு நகர்ந்தார். வியர்வையில் தோய்ந்த அங்கி, ஓயாத வலக்கை, தரையை உதைக்கும் கால் ஆகியவற்றைப் படத்திற் காண்கிறோம். முன்னரே எழுதி வைத்த பாடலன்று அது. தட்டுப்பாடு பிறப்பித்த பாடல். ஆனால் நூற்றாண்டுக் காலத் துயரம் அடியில் இருந்தமையாலேயே அக்கணத்தில் அது பிறக்க முடிந்தது. ஹேவன்ஸ் 2013இல் மறைந்தபின் அவரது சாம்பல் அந்நிலத்திலேயே தூவப்பட்டது.

அன்று மாலை தொடக்கவுரை ஆற்றியவர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்து, 1950களில் நம் இலங்கையிலும் பணியாற்றிய சுவாமி சச்சிதானந்தர். அவர் சொற்கள் அமைதியைப் போதித்தன. அமைதியைக் குலைப்பவர் எவர் என்ற வினாவை அவை எழுப்பவில்லை. அன்றிரவு மழைக்கு நடுவே அல்லா ரக்காவின் தபேலாவோடு சித்தார் வாசித்த ரவி சங்கரோ, அவ்விழாவைப் பிற்காலத்தில் மனக்கசப்போடு நினைவுகூர்ந்தார். போதை மயக்கத்துக்குத் துணைக்கருவியாகத் தம் இசையைக் கொள்வதை அவர் ஏற்கவில்லை. கீழைநாட்டுக் கலையைப் பண்பாட்டுப் பசிக்குத் தின்பண்டமாக்கும் போக்கைக் கண்டித்த அக்குரல் நியாயமானதே.

நள்ளிரவு கடந்தபின் ஜோன் பயேஸ் வந்தார். ஆறு மாதக் கர்ப்பிணி. கட்டாயப் படைச்சேர்ப்பை மறுத்தமைக்காக அவருடைய கணவர் ஒரு மாதத்துக்கு முன்னரே சிறைப்பட்டிருந்தார். சிறைக்குள் உண்ணாநோன்புப் போராட்டம் தொடங்கிவிட்ட செய்தியை அயல்வீட்டாரிடம் சொல்வதுபோல் எளிமையாகச் சொன்னார். பின்னர், 1915இல் யூற்றா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கவாதி ஜோ ஹில் பற்றிய பாடலைப் பாடினார். இறந்த தொழிலாளி கனவிலே தோன்றி, வேலைநிறுத்தம் நடக்கும் இடமெல்லாம் தான் உயிரோடிருப்பதாகக் கூறும் அப்பாடல் 1930களில் எழுந்தது. உரத்த குரலில்லை, முழக்கமில்லை. ஒரு கிற்றாரும் ஒரு குரலும் இருளிலே அமர்ந்திருந்த இலட்சக்கணக்கானோரை ஒடுங்கச் செய்தன. முன்னைய தலைமுறையின் தொழிலாளர் போராட்டம் அவ்விளைஞரின் போர் எதிர்ப்போடு கைகோத்த கணம் அது.

சனிக்கிழமை கன்றி ஜோ மக்டொனல்ட் வியட்நாம் யுத்தத்தை ஏளனம் செய்யும் பாடலைத் தனித்து நின்று பாடினார். அவையிற் சொல்லத் தகாத ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டத்தைக் கூவச் செய்தபின், போரில் இலாபம் காணும் வணிகரையும், மகனைப் போருக்கு அனுப்பிப் பெருமை கொள்ளும் பெற்றோரையும் சர்க்கஸ் மெட்டிலே எள்ளி நகையாடினார். இடையிலே நிறுத்தி, இவ்வளவு மெலிதாகப் பாடினால் யுத்தத்தை நிறுத்துவது எங்ஙனம் என்று கூட்டத்தைக் கடிந்துகொண்டார். அமர்ந்திருந்தோர் எழுந்தனர், பாட்டு ஓங்கியது. கேட்போர் பாடுவோராக மாறினர். மக்கட் கலையின் இலக்கணம் இதனினும் தெளிவாக வேறெங்கு விளங்கும்?

அன்று பிற்பகல் சன்ரானா குழுவினர் தோன்றினர். அவர்களுடைய முதல் இசைத்தட்டு அப்போது வெளிவரவில்லை. அவர்களை அறிந்தோர் சிலரே. குழுவின் தலைவர் மெக்சிக்கோவிற் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் உணவகமொன்றிற் பாத்திரம் கழுவிய கார்லோஸ் சன்ரானா. முரசு இசைத்த மைக்கல் ஷ்ரீவுக்கு இருபது வயது. ஆபிரிக்கத் தாளங்களும் கியூபத் தாளங்களும் மின்கிற்றாரோடு இணைந்த அந்த வாத்திய இசையிற் சொல்லுக்கு வேலையே இல்லை. குடியேறிய உழைப்பாளர் கொணர்ந்த தாளங்கள் நான்கு இலட்சம் பேரை எழுந்து ஆடச் செய்தன.

இதற்கு எதிர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்குரியது. ஞாயிறு விடியுமுன் த ஹூ குழுவினர் பாடிக்கொண்டிருக்கையில், அரசியற் கிளர்ச்சியாளர் அபி ஹொவ்மன் ஒலிவாங்கியைப் பற்றினார். சிறிதளவு கஞ்சாவுக்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஜோன் சின்க்ளெயருக்காகக் குரல் கொடுக்க முயன்றார். பீற் ரவுன்சென்ட் அவரைக் கிற்றாரால் இடித்து மேடையினின்று அகற்றினார். ஹொவ்மன் கூற வந்தது நியாயம். ரவுன்சென்ட் செய்தது முரட்டுத்தனம். ஆயினும் பாட்டின் நடுவே செருகப்பட்ட சொற்பொழிவு ஏன் கூட்டத்தைத் தொடவில்லை? முதல் நாளிரவு அதே அரசியலைப் பாட்டுக்குள்ளிருந்தே பயேஸ் பேசியபோது எவரும் அவரை இடையூறாகக் கருதவில்லை. கலையின் மேல் ஒட்டப்பட்ட கருத்து வேறு. கலைக்குள் கரைந்த கருத்து வேறு. நம் எழுத்தாளருட் பலர் ஹொவ்மன் வழியே சென்று, ரவுன்சென்டுகளை மட்டும் குறை கூறி வந்திருக்கிறோம்.

இனி, இறுதி நிகழ்ச்சி. திங்கட்கிழமை காலை ஜிமி ஹென்றிக்ஸ் மேடையேறியபோது கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்துவிட்டது. சேறும் கந்தையும் குப்பையும் நிறைந்த வெளியிலே சில பத்தாயிரம் பேரே எஞ்சினர். வலக்கைக்காரருக்கென ஆக்கப்பட்ட வெண்ணிறக் கிற்றாரைத் தலைகீழாக மாற்றி இடக்கையால் மீட்டிய அக்கறுப்பினக் கலைஞர், அமெரிக்கத் தேசிய கீதத்தைத் தொடங்கினார். முதலடிகள் பிசகின்றி ஒலித்தன. ஏவுகணைகளையும் குண்டுகளையும் கீதம் குறிப்பிடும் இடத்துக்கு வந்ததும் இசை பிளந்தது. விமானம் தாழப் பறந்தது, குண்டு விழுந்தது, தீ மூண்டது, மனிதர் அலறினர். யாவும் ஆறு நரம்புகளிலிருந்தும் ஒலிபெருக்கியின் எதிரொலியிலிருந்தும் எழுந்தன. இடையே இராணுவத்தினர் சவ அடக்கத்தின்போது ஊதும் எக்காளத்தின் இசை ஒலித்து மறைந்தது. பின்னர் கீதம் மீண்டும் தன் மெட்டுக்குத் திரும்பியது. எல்லாம் நான்கு நிமிடத்துக்குள்.

ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டின் முற்பகுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கத் துருப்பினர் வியட்நாமில் நின்றனர். ஹென்றிக்ஸ் தாமே 1961, 1962ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வான்வழிப் படைப்பிரிவொன்றிற் பணிபுரிந்தவர். அப்படைப்பிரிவு பின்னர் வியட்நாமிற் போரிட்டது. விழாவுக்குப் பத்து மாதங்களுக்கு முன், மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இதே கீதம் ஒலிக்கையில் கறுப்பின வீரர் இருவர் முட்டியை உயர்த்தியிருந்தனர். ஹென்றிக்ஸ் கீதத்துக்கு வெளியே நின்று எதிர்க்கவில்லை; கீதத்துள் ஏற்கனவே இருந்த குண்டுகளை வெடிக்கச் செய்தார். ஆளுவோரின் சொத்தாகிய வடிவத்தைக் கைப்பற்றி, அது மறைத்த உண்மையை அதன் வாயாலேயே சொல்ல வைத்தார். பின்னர் தொலைக்காட்சியில் வினவப்பட்டபோது, தாம் வாசித்தது அழகானதென்றே எண்ணியதாகக் கூறினார். கலைஞரின் விளக்கத்தை விடக் கலை ஆழமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு சான்று. ஓராண்டு கழிந்து, 1970 செப்ரெம்பரில், இருபத்தேழு வயதில் அவர் மறைந்தார்.

இவ்வளவும் கூறியபின் விழாவைப் புரட்சி என மயங்குதல் கூடாது. மேடையிற் கறுப்பரும் குடியேறியோரும் பாடினர். வெளியில் அமர்ந்திருந்தோருட் பெரும்பாலோர் வெள்ளையின நடுத்தர வர்க்க இளைஞர். கல்லூரி மாணவருக்குப் படைச்சேர்ப்பை ஒத்திவைக்கும் சலுகை இருந்தது. அச்சலுகையற்ற ஏழை இளைஞர் பலர் அதே வேளையில் வியட்நாமில் நின்றனர். வேலி கட்டத் தவறிய வணிகமும் தோற்றுவிடவில்லை. விழாவில் நட்டம் நேர்ந்தபோதும் திரைப்படமும் இசைத்தட்டும் பெரும்பணம் ஈட்டின. முப்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே பெயரில் முன்னாள் விமானப்படைத் தளமொன்றில் நடந்த விழாவில் வேலி உறுதியாக இருந்தது. குடிநீர்ப் போத்தல் ஒன்று 4 டொலருக்கு விற்கப்பட்டது. அவ்விழா தீவைப்பிலும் பெண்கள் மீதான வன்முறையிலும் முடிந்தது. பெயரை விலைக்கு வாங்கலாம். கணத்தை வாங்க முடியாது.

ஆகவே அக்காலைப் பொழுதின் நான்கு நிமிடங்களை வகுப்பறைகளில் மாணவர் கேட்க வேண்டும் என்போம். கவிதையின் உள்ளடக்கம் முற்போக்கானதா என்று மட்டும் வினவிப் பழகிய நம் ஆசிரியர்களும் உடன் அமர்ந்து கேட்க வேண்டும். எதிர்ப்பு எனும் சொல் இல்லாமலே எதிர்ப்பு எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்த பின்னர், நம் கவிதைகளையும் நாடகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் விவாதிப்போம்.