குடியை விட்டால் சந்தேகம்

நியூயார்க் நகரக் காவல்துறை 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 'மேற்கில் தீவிரமயமாதல்: உள்ளூரில் முளைக்கும் அச்சுறுத்தல்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர்கள் அந்தத் துறையின் புலனாய்வுப் பகுப்பாய்வாளர்கள் மிட்செல் சில்பர், அர்வின் பட். ராண்ட் நிறுவன ஆய்வாளர் பிரயன் ஜென்கின்ஸ் அறிமுகவுரை தந்திருக்கிறார். பயங்கரவாதம் பற்றிய ஆய்வு போலீசின் கைக்குப் போனால் என்ன மொழி பேசும் என்று காட்ட இதைவிட நல்ல பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பிரதி சொல்கிற கதை ரொம்ப எளிது. சாதாரண முஸ்லிம் இளைஞன் நாலு கட்டம் தாண்டிக் குண்டு வைக்கிறவனாகிறான். இரண்டாவது கட்டத்துக்கு அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள். சிகரெட்டை விடுகிறான். குடியை விடுகிறான், சூதாட்டத்தை விடுகிறான். தாடி வளர்க்கிறான். சமூகச் செயல்பாட்டிலும் தன் சமுதாயப் பிரச்சினைகளிலும் இறங்குகிறான்.

குடிச்சாலும் குத்தம், குடியை விட்டாலும் குத்தமா? சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிற, சாராயக்கடைக்கு எதிரா நிக்கிற பையனைப் பார்த்து 'இவனுக்குத் திடீர்னு என்ன வந்துச்சு, எவன் தூண்டிவிடுறான்'னு கேக்குற ஊர்க்குரல் நமக்குத் தெரியும். அதே குரல் இங்கே ஆங்கிலத்தில், அடிக்குறிப்போடு வருகிறது.

ஆய்வுமுறையைப் பாருங்கள். மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம், லண்டன், டொரன்டோ வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்பக்கமாக நடந்து அவர்கள் வாழ்க்கையில் பொதுவாக இருந்ததைப் பொறுக்குகிறார்கள். அதே தாடி, அதே தொழுகை, அதே கோபத்தோடு வாழ்ந்து யாரையும் தொடாமல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனை லட்சம்? அவர்கள் கணக்கிலேயே இல்லை. எம்.ஏ. மாணவர் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு போனால் எந்தப் பேராசிரியரும் திருப்பித்தான் கொடுப்பார்.

பிறகு 'அடைகாக்கும் இடங்கள்' என்று ஒரு பட்டியல்: டாக்ஸி ஓட்டுநர்கள் கூடுமிடம், இறைச்சிக்கடை, புத்தகக்கடை, மாணவர் சங்கம், தொண்டு நிறுவனம். உழைக்கிறவனும் படிக்கிறவனும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிற இடம் பூராவும் முட்டைக்கூடு.

இந்த எழுத்து நமக்குப் பழசு. 1892இல் எஃப்.எஸ். முல்லலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் 'குற்ற வகுப்புகள்' பற்றி நூல் போட்டார். குறவர் முதலானவர்களைப் போலீஸ் எப்படி அடையாளம் காண்பது என்பதற்கான அறிவு அது. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே பிறப்பே போதுமான சாட்சி. நியூயார்க்கில் நடத்தையைத்தான் பார்க்கிறோம் என்கிறார்கள். யாருடைய நடத்தை என்று கேட்டால் திரும்பவும் பிறப்பில்தான் வந்து நிற்கிறது. வெள்ளைக்காரன் குடியை விட்டால் அவன் வீட்டில் விருந்து வைப்பார்கள்.

வன்முறை கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. 2005 ஜூலையில் லண்டனில் வேலைக்குப் போன சனங்கள் 52 பேர் செத்தார்கள். அதை ஆராயத்தான் வேண்டும். எதை வைத்து என்பதுதான் கேள்வி. முன்னாள் சிஐஏ அதிகாரியும் ஆய்வாளருமான மார்க் சேஜ்மன், இந்த ஆய்வுத்துறை தேங்கிக் கிடக்கிறது என்று 2014இல் எழுதினார். கல்வியாளர்களிடம் தரவு இல்லை, தரவு வைத்திருக்கிற உளவுத்துறையிடம் ஆய்வுமுறை இல்லை என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, கண்காணிக்கப்பட்டவர், அவரை யார் கேட்டது?

முஸ்லிம்களின் கடை, மசூதி, கல்லூரிகளை வேவு பார்க்க இந்தக் காவல்துறையில் தனிப்பிரிவே இருந்தது. அது அறிக்கைக்கு முந்தியது. அறிக்கை அதற்கு அறிவின் சட்டையை மாட்டிவிட்டது. 2008இல் சிட்டி கல்லூரி முஸ்லிம் மாணவர்கள் படகுப் பயணம் போனபோது மாறுவேடப் போலீஸ் கூடவே போய், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொழுதார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார். புலனாய்வுத் தலைமை அதிகாரி தாமஸ் கலாட்டி 2012இல் கொடுத்த வாக்குமூலத்தில், தான் வந்த 2006 முதல் அந்தப் பிரிவின் குறிப்பிலிருந்து துப்பு ஒன்றுகூட கிடைக்கவில்லை என்றார். 2014இல் பிரிவைக் கலைத்தார்கள். 2016இல் வழக்குச் சமரசத்தின்போது அறிக்கையையும் காவல்துறைத் தளத்திலிருந்து எடுத்தார்கள்.

2013இல் சிவில் உரிமை அமைப்புகள் சில சேர்ந்து முஸ்லிம்களிடம் நேரில் பேசிச் சாட்சியங்களைத் தொகுத்தன. நான் ஆய்வு என்று மதிப்பது அதைத்தான். மசூதிக்குப் புதுசாக வருகிறவரைச் சந்தேகிப்பதும், தாடி வளர்க்க யோசிப்பதும், பிள்ளைகளை அரசியல் பேசாதே என்று அடக்குவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஒரு கல்லூரியில் முஸ்லிம் மாணவர் அறைச் சுவரில் மாணவர்களே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: இங்கே அரசியல் பேச வேண்டாம்.