சுவீகாரமும் கருச்சிதைத்தலும்

கருச்சிதைத்தலை மகளிர்க்கு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24இல் தள்ளிற்று. அவ்வழக்கின்கண் எழுந்த வாதங்களுள், ‘சுவீகாரம் உளதாகலின் கருச்சிதைத்தல் வேண்டா’ என்பதொன்றே ஈண்டு ஆராயப்படுகின்றது.

2021 டிசம்பர் 1இல் நிகழ்ந்த விசாரணையில் இதனை வினாவாக எழுப்பினவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். ஈன்ற மகவைத் தண்டனைக்கு அஞ்சாது ஒப்படைத்தற்கு இடந்தரும் அடைக்கலச் சட்டம் 1999இல் டெக்சாசில் தோன்றி, ஐம்பது மாநிலங்களிலும் பரவியது. தாய்மைப் பொறுப்பை அதனாற் கழித்துக்கொள்ளலாமன்றோ என்பது வினாவின் கருத்து. வினவியவர் தாமும் ஹெயிட்டி நாட்டுக் குழந்தைகள் இருவரைச் சுவீகரித்தவராகலின், இதனை வெற்றுரையென ஒதுக்கலாகாது. ஆயினும் வளர்த்தற் சுமை வேறு. கருச் சுமத்தல் வேறு. சுவீகாரம் முன்னையதனையே நீக்கும். உடல்மெலிவும் பேற்றுநோவும் உயிர்க்கிடரும் பிறர் கையில் ஒப்படைக்கத் தக்கனவல்ல. எதிர்வழக்குரைஞரும் அன்றே இவ்வாறு விடையிறுத்தார்.

தீர்ப்பெழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ இதனைத் தம் சித்தாந்தமாகக் கொள்ளாது, தடையை வேண்டுவோர் கூற்றென்றே எடுத்தோதினார். அது மறைத்து அவரைப் பழித்தல் தருக்கம் பயின்றார் செயலன்று. எனினும், அரசாங்கச் சுகாதார அறிக்கையொன்றினின்றும் அவர் அடிக்குறிப்பிற் கொணர்ந்த செய்தி, சுவீகரிக்க விழைவோர் பலராக, மகவுகளின் ‘வரத்து’ அருகிற்று என்பது. நெல்லுக்கும் பருத்திக்கும் உரிய சொல் அது! ஏற்போர் பலராதல் ஈவோர்க்கு ஏதுவாமாறு எங்ஙனம்?

ஈந்தோர் நிலையும் நோக்கத்தக்கது. 1973க்கு முன் மணமாகாத் தாய்மார் பலர் ஊரறியா விடுதிகளில் வைக்கப்பெற்று, ஈன்ற சின்னாளில் மகவை இழந்தனர். அன்னோர் நூற்றுவர்க்கு மேற்பட்டாரைக் கண்டு ஆன் ஃபெஸ்லர் 2006இல் வெளியிட்ட நூலில், பல்லாண்டு கழிந்தும் ஆறாத அவர் துயர் புலனாம்.

அற்றேல், கருச்சிதைத்தல் மறுக்கப்பட்டோர் இக்காலத்துச் சுவீகாரத்தையே நாடுவர் எனின், நாடார். அங்ஙனம் மறுக்கப்பட்டு ஈன்ற மகளிரைத் தொடர்ந்தாய்ந்தோர் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, மகவை ஈந்தோர் நூற்றுக்கு 9 பேரே. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதிகள் மூவரும் இக்கருத்தினரே.

இனி, இவ்வேது வீழ்ந்தமையால் கருச்சிதைத்தல் அறமென நாட்டப்பட்டது என்பாரும் பிழைபட்டார். போலியேதுவைக் களைதல் மறுதலைப் பக்கத்தை நிறுவுதலாகாது. கருவும் உயிராகலின் அதனைக் கோறல் தகாதென்பார், அதனையே முன்வைத்து, அதன்பொருட்டுத் தாய் ஏற்கும் இடரையும் மறையாது ஒப்புக்கொண்டு வாதித்தல் வேண்டும். அங்ஙனம் வாதிப்பாரும் அந்நாட்டில் உளர். அவர் வாதம் வேறாக ஆராயற்பாலது.