பேய் உண்டா என்றே கேட்டோம்

தமிழில் சினிமாவுக்கு விமர்சனம் உண்டு. தொலைக்காட்சிக்கு வம்புதான் உண்டு. கார்த்திகேசு சிவத்தம்பி 1981இலேயே தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து நூல் எழுதிவிட்டார். கே. எஸ். சிவகுமாரன் உலகப் படங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பத்தி எழுதினார். ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்து, சோற்றுக் கோப்பைக்கு எதிரே குந்திக்கொண்டு கதை சொன்ன பெட்டியைப் பற்றி நிதானமாக எழுத ஆள் வரவில்லை. அதிலும் மர்மத் தொடர்கள் என்றால் எழுதுவோரின் கை இன்னும் இறுகிவிடும். பேய் உண்டா, இல்லையா? தொடர் மூடநம்பிக்கையை வளர்க்கிறதா, உடைக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளோடு விமர்சனம் முடிந்துபோகும். ஏறக்குறைய எல்லா மர்மத் தொடர்களின் நடுவிலும் ஒரு பிள்ளை நிற்கிறது. அதைப் பற்றிய பேச்சைத் தேடிப் பார்த்தால் கிடைப்பது சொற்பம்.

இந்த வகையில் தமிழின் உச்சம் என்று இன்றும் சொல்லப்படுவது 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, 1990களின் நடுப்பகுதியில் தொடங்கியது. முதலில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய 'ரகசியம்'. அடுத்து 'விட்டுவிடு கருப்பா' என்ற அவருடைய நாவலிலிருந்து வந்த 'விடாது கருப்பு'. இரண்டையும் இயக்கியவர் நாகா. 'விடாது கருப்பு' இரண்டு இழைகளாக ஓடும். ஒன்றில் தோட்டக்காரமங்கலம் என்ற கிராமம். அங்கே தப்புச் செய்தவர்களைக் காவல்தெய்வமான கருப்பசாமியே வந்து தண்டிப்பதாக ஊர் நடுங்குகிறது. குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டால் கதவுகள் சாத்தப்படுகின்றன. மற்ற இழையில் நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு மணமான இளைஞன். அவனுக்குள் இன்னொருவன் இருக்கிறான். சமயம் பார்த்து வெளியே வருகிறான். தொடரில் வரும் உளவியல் மருத்துவம் அதைப் பிளவுண்ட ஆளுமை என்கிறது. கிராமத்தில் கருப்பின் பெயரைக் கேட்டே வெலவெலத்து வளர்ந்த சிறுவன்தான் நகரத்து இளைஞன் என்று இழைகள் முடிச்சாகும் இடத்தில், தொடர் தன் உண்மையான பொருளைக் காட்டிவிடுகிறது. பெரியவர்கள் தங்கள் வசதிக்காகத் தெய்வத்தைக் காட்டிப் பிள்ளையை மிரட்டுகிறார்கள். பிள்ளை வளர்கிறான்; மிரட்டலும் அவனோடு சேர்ந்து வளர்கிறது. பேய்க்கதை என்ற உறைக்குள் தமிழ்த் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் சொன்ன மிகத் துணிச்சலான குடும்பக் கதை இது என்பது என் எண்ணம்.

அப்படியொரு தொடரை வரவேற்றவர்கள் எதைப் பாராட்டினார்கள்? படப்பிடிப்பை, வாராவாரம் விட்ட முடிச்சை, குதிரைச் சத்தத்தை. குறை சொன்னவர்கள், பகுத்தறிவு பேசிய மண்ணில் சாமியாட்டத்துக்கு மேடை கொடுத்ததாகச் சொன்னார்கள். இந்திரா சௌந்தர்ராஜனும் அதற்குத் தோதாகவே எழுதினார்: கதவை அறிவியலுக்கும் திறந்து வைப்பார், ஆன்மிகத்துக்கும் திறந்து வைப்பார். ஆகவே இருதரப்பும் தத்தம் கதவு வழியே உள்ளே போய், தத்தம் வாதத்தோடு வெளியே வந்தன. இடையில் சூடுபட்ட மனத்தோடு ஒரு பொடியன் நின்றதை இரண்டு தரப்பும் கதைக்கான காரணமாக எடுத்துக்கொண்டதே ஒழிய, கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அமானுஷ்ய எழுத்தாளர் என்ற பட்டமே முன்னால் நின்றது. சிறுவனின் பயத்தை இவ்வளவு கிட்ட நின்று எழுதியவர் என்று நான் வாசித்தவற்றுள் யாரும் சொல்லவில்லை.

சட்டம்கூட இந்தப் பார்வைக் கோளாறிலிருந்து தப்பவில்லை. இந்தியாவின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இல் வந்தவை. அவற்றின் நிகழ்ச்சிக் கோவை மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஓர் உட்பிரிவில் தடை போடுகிறது. பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாதவை வரக்கூடாது என்று இன்னோர் உட்பிரிவில் சொல்கிறது. பிள்ளை பெரும்பாலும் பார்வையாளராகவே சட்டத்தின் கண்ணில் படுகிறது. திரைக்குள்ளே நள்ளிரவு வெளிச்சத்தில் அலறி நடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கோவையில் இடமில்லை. நமது இலங்கைத் தொலைக்காட்சி இன்னும் விசேஷம். சிகரெட் தெரிந்தால் மங்கல் பூசுவார்கள், சாராயப் போத்தல் தெரிந்தால் மங்கல் பூசுவார்கள். பேயறைந்த பிள்ளையின் முகம் மட்டும் துல்லியமாக வரும்.

இலங்கையின் கிழக்கில், திருகோணமலை மாவட்டத்து ஊரான கிண்ணியாவிலிருந்து பார்க்கும்போது இந்த விவாதம் வேறு மாதிரித் தெரிகிறது. 'மர்மதேசம்' ஒளிபரப்பான காலம் இங்கே போர்க்காலம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் திருகோணமலைக்குப் போக வரப் படகுப்பாதையில் ஏறவேண்டும். அந்தத் தொடரை அன்றே பார்த்தவர்களைவிட, பிறகு கொப்பியிலும் யூடியூபிலும் பார்த்தவர்களே கூட. அவர்களுக்குச் சென்னையின் கேள்வி கேள்வியாகவே படவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. ஜின் என்பது படைப்பின் ஒரு வகை என்பது இங்கே மார்க்கத்தின் பாடம். உண்டா இல்லையா என்று யாரும் தர்க்கிக்க வரமாட்டார்கள். கருப்பசாமியைத் தெய்வமாக ஏற்பது மறுபேச்சில்லாமல் ஆகாது. ஆக, நம்புவதும் நம்பாததும் தொடர் தொடங்குமுன்பே தீர்ந்த விஷயங்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதை உம்மாமார் கேட்பார்கள்: "அத நிப்பாட்டுங்க, புள்ள ராவைக்குப் படுக்காது." பிள்ளை இரவில் திடுக்கிட்டு எழும்பினால் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்குவதும், நூல் ஓதிக் கட்டுவதும் நடக்கும். இத்தகைய வழக்கங்களை ஏற்காத தவ்ஹீத் பேசும் வீடுகளில் நூலைக் கழற்றிவிட்டு, ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை ஓதச் சொல்வார்கள். மருந்தில் சண்டை இருக்கலாம். பயந்தது பிள்ளை என்பதில் இருவருக்கும் ஐமிச்சம் இல்லை. எழுதப்பட்ட விமர்சனம் தொடாத இடத்தை இந்த வாய்மொழி விமர்சனம் தொட்டுவிடுகிறது.

இந்த ஊர் தானே ஒரு மர்மத் தொடருக்குள் வாழ்ந்த மாதமும் உண்டு. 2011 ஓகஸ்டில் நாடு முழுக்கக் கிறீஸ் பூதப் பீதி பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று ஊரூராகக் கதை வந்தது. கிண்ணியாவில் அது மக்கள் கடற்படையினரோடு மோதும் அளவுக்குப் போனது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கும்பலிடம் சிக்கி உயிரிழந்தார். பத்திரிகைகள் அன்றும் கேட்டது பழைய கேள்விதான்: பூதம் உண்டா, வதந்தியா? இருட்டுக்கு முன்பே கதவு பூட்டிய வீடுகளில் பிள்ளைகள் அந்த வாரங்களை எப்படிக் கழித்தார்கள் என்று எழுதியவர் இல்லை.

பிள்ளையை நடுவில் வைத்து ஒரு தொடரோ நிகழ்ச்சியோ விசாரிக்கப்பட்ட சம்பவம் உலகில் உண்டா என்றால், உண்டு. 1992 ஒக்டோபர் 31 இரவு பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. ஸ்டீஃபன் வோக் எழுதி, லெஸ்லி மானிங் இயக்கியது. முன்கூட்டியே படம்பிடித்த நாடகம்தான், ஆனால் நேரலைபோலத் தெரிந்தது. நாடே அறிந்த தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன் கலையகத்தில் இருந்தார். சிறுவர் நிகழ்ச்சிகளில் முகம் பழகிய சாரா கிரீன் பேய் வீட்டுக்குள் போனார். வீட்டில் ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும். சுவருக்குள் சத்தம் கேட்டபோது தாய், அது தண்ணீர்க் குழாய் என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிறாள். அன்றிலிருந்து பிள்ளைகள் அந்தப் பேயைக் 'குழாய்' என்றே அழைக்கின்றன. இந்த ஒரு இடத்துக்காகவே வோக்கைக் கையெடுத்துக் கும்பிடலாம். பயந்த பிள்ளையின் வாயை அடைக்கப் பெரியவர் சொன்ன பொய், அந்தப் பயத்துக்கே பெயராகிவிடுகிறது.

நிகழ்ச்சி முடியுமுன்பே தொலைபேசிகள் அலறின; பத்திரிகைகள் பிபிசியைக் கிழித்தன. ஒளிபரப்புத் தர நிர்ணய அமைப்பு பிபிசியைக் கண்டித்தது. 1994இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஒரு குறிப்பில், அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவரின் நிலை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறாக மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் அக்கோளாறு வந்ததாக மருத்துவ இதழில் எழுதப்பட்ட முதல் நேர்வுகள் அவையே என்பார்கள். பிபிசி தன் அலைவரிசையில் அதை மறுபடி போடவில்லை. பத்தாண்டு கழித்து பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வீட்டுப் பதிப்பாக வெளியிட்டபோது காற்று மாறியிருந்தது. விமர்சகர்கள் அதைத் தொலைக்காட்சியின் நம்பகத்தன்மையையே கேள்வி கேட்ட முன்னோடிப் படைப்பு என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் நியாயமானதுதான். ஆனால் படைப்பைத் தூக்கிப் பிடித்த கையோடு அந்த இரண்டு சிறுவர்களும் அடிக்குறிப்பாகிவிட்டார்கள்.

2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இந்த வகையை உலகச் சந்தைக்கு ஏற்றியது. 1983ஆம் ஆண்டு, இந்தியானா மாநிலத்தின் கற்பனை ஊரான ஹாக்கின்ஸ், ஒரு சிறுவன் காணாமற்போகிறான். மேற்கத்தைய விமர்சனங்களில் பெரும்பகுதி ஏக்கத்தைப் பற்றியது: ஸ்பீல்பெர்க்கின் சாயல், ஸ்டீஃபன் கிங்கின் சாயல், சைக்கிள்கள், சின்தசைசர் இசை. இந்தக் கரையில் இருந்து பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது சைக்கிள் அல்ல. மகன் உயிரோடு இருக்கிறான் என்று அடம்பிடிக்கும் தாய். அவள் வீட்டுச் சுவரில் அரபு எழுத்துப் பழகும் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குமிழ் விளக்கு மாட்டி, மகன் மினுக்கும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறாள். அதிகாரிகள் ஒரு சடலத்தைக் கொண்டுவந்து காட்டி, கதையை முடி என்கிறார்கள். அது போலிச் சடலம். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு இந்தக் காட்சிகளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோருக்கென ஓர் அலுவலகம் வந்தது. ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். அம்மாமார் இன்னும் எழும்பவில்லை. அமெரிக்கத் தொடரை ஈழத் தமிழில் விமர்சிக்க ஒருவர் வந்தால் அவர் தொடங்கவேண்டிய இடம் இந்தச் சுவர். நானறிந்தவரை, வந்த தமிழ்ப் பதிவுகள் அனேகமாக ஏக்கத்தையே மொழிபெயர்த்தன.

இந்த வகையில் இந்தியில் வந்த சுஜோய் கோஷின் 'டைப்ரைட்டர்' (2019) கோவாவில், பேய் பிடிக்கப் புறப்படும் சிறுவர் கூட்டத்தைக் காட்டியது. ஐந்து அத்தியாயங்கள். விமர்சகர்கள் அமெரிக்கத் தொடரோடு ஒப்பிட்டு, பிள்ளைகள் சுட்டி, கதை தள்ளாட்டம் என்று முடித்துக்கொண்டார்கள். அதற்குமேல் சொல்ல அத்தொடரில் அதிகம் இல்லை என்பதும் உண்மை.

'சுழல்' வேறு ரகம். புஷ்கர்-காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கி, 2022 ஜூனில் பிரைம் வீடியோவில் வந்தது. அது பேய்த் தொடர் அல்ல. ஆனால் மர்மதேசத்தின் பேரப்பிள்ளை. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது பள்ளி மாணவி ஒருத்தி காணாமற்போகிறாள். அங்காளம்மன் வேடங்கள் எட்டு அத்தியாயம் முழுக்க ஆடுகின்றன. கடைசியில் குற்றம் சாமியிடமும் இல்லை, சுடலையிலும் இல்லை. வீட்டுக்குள் இருந்த உறவிடம் இருக்கிறது. பிள்ளைக்குக் கேடு பெரியவர்களிடமிருந்தே வருகிறது என்று 'விடாது கருப்பு' சுற்றிவளைத்துச் சொன்னது; இது ஒரு கேட்டைப் பெயர் சொல்லியே சொன்னது: சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம். விமர்சனங்களும் இந்தத் தடவை அதை எழுதின. எழுதிய கையோடு சில பேர் ஒரு குறையும் சொன்னார்கள்: பொய்த் தடங்கள் அதிகம், திருவிழாவுக்கும் கதைக்கும் ஒட்டு இல்லை. எனக்கு மாறாகத் தோன்றுகிறது. ஊர் முழுக்க அம்மனின் முகமூடிக்குள் வெறியாடும் இரவில், ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்க ஒருவருக்கும் காது இல்லை. ஒட்டு அங்கேதான் இருக்கிறது.

'விடாது கருப்பு' இயக்கிய நாகா, 2010இல் 'ஆனந்தபுரத்து வீடு' என்ற படம் எடுத்தார். ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு. வாய் பேசாத ஒரு சிறுவன்; அவனைக் காக்க வரும் இறந்துபோன பாட்டன் பாட்டி. ஆவிகளைக் கண்டு அலறுவது பெரியவர்கள்; பிள்ளை அவர்களோடு விளையாடுகிறான். மிரட்டலில் இருந்து பிள்ளையை விடுவித்துப் பார்த்த அபூர்வமான தமிழ்ப் படம் அது. பயமுறுத்தவில்லையே என்ற குறை அதற்கும் வந்தது. கடன் கொடுத்தவனுக்கும் தொழில் பங்காளிக்கும் நடுங்கும் தகப்பனைத்தான் அந்தப் படம் பயத்தோடு காட்டுகிறது. அந்தப் பயத்தை விமர்சகர்கள் கணக்கில் எடுக்கவில்லை.