கோவூர் கிழாரின் மென்மை

பொதுவாழ்வில் ஒருவரை மென்மையானவர் என்று கூறினால், அவரால் காரியம் ஆகாது என்று பொருள் கொள்வாரே மிகுதி. உரத்துப் பேசுபவன் வீரன், தணிந்து பேசுபவன் கோழை என்பது அவர்தம் முடிவு. இம்முடிவு பொருந்துமா என்பதைப் புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய நான்கு பாடல்களைக் கொண்டு ஆராய்தல் தகும்.

உறையூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நலங்கிள்ளி முற்றியிருந்தபோது எழுந்தது 45ஆம் பாடல். எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே என்கிறார் புலவர். எவன் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்பது கருத்து. அவர் எவர் பக்கமும் சாயவில்லை. இருவர்க்கும் பொதுவானதை இருவர் முன்னும் வைக்கிறார்.

மலையமான் மக்களை யானைக்கு இடத் துணிந்தான் கிள்ளிவளவன். புலவர் சீறியிருந்தால் அரசன் சினமே வளர்ந்திருக்கும். 46ஆம் பாடலில் அவர், புறாவின் துயர் தீர்த்த முன்னோனை நினைவூட்டுகிறார். யானையைக் கண்டு அழுகை மறந்து, மன்றத்தைக் கண்டு மருளும் சிறுவரைக் காட்டுகிறார். முடிவை அரசனிடமே விட்டுவிடுகிறார். ஒற்றன் என ஐயுற்றுக் கொல்லப் புகுந்த நெடுங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தனை மீட்ட 47ஆம் பாடலும் இம்முறையினதே.

இவ்வளவில் நின்று, இவரை இன்சொற் புலவர் எனப் பாராட்டி முடித்துவிடலாம். 44ஆம் பாடல் அதற்கு இடந்தரவில்லை. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி ஒடுங்கியிருக்க, உள்ளே குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. வீடுகள் நீரின்றி வாடுகின்றன. அறத்தை நாடினால் கோட்டையைக் கொடுத்துத் திற, மறத்தை நாடினால் போருக்குத் திற, இரண்டுமின்றி மறைந்திருத்தல் நாணத்தக்கது என்று முகத்துக்கு நேரே கூறுகிறார். குடிகள் துயருறும்போது இனிமை பின்னே செல்கிறது. உண்மை முன்னே வருகிறது.

ஆகவே, பகைமை பாராட்டாமை வேறு, வாய் திறவாமை வேறு என்பது புலனாகும். மென்மை எப்போதும் வெல்லும் என்றும் இப்பாடல்கள் கூறவில்லை. 46, 47ஆம் பாடல்களின் அடிக்குறிப்புகளே உயிர் மீட்டதைச் சொல்கின்றன. 44, 45ஆம் பாடல்களுக்கு அத்தகைய குறிப்பில்லை. நெடுங்கிள்ளியோ காரியாற்றுத் துஞ்சியவன் என்றே பெயர் பெற்றான்.

மலேசியத் தமிழர் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் மென்மையானவர் என்று புகழப்பட்டார். அதன் பொருட்டே குறையும் கூறப்பட்டார். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது அவர் வசைபாடிக்கொண்டிருக்கவில்லை, வாளாவும் இருக்கவில்லை. தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரையே சிறுகச் சேமிக்கத் தூண்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. எனினும் கூலிபெற்றவரைப் பங்குதாரர் ஆக்கிய செயல், கோழையின் செயல் அன்று.

கெமாஸ் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் துரைக்கும் கிராணிக்கும் முன் வாய்பொத்தி நிற்பதே அடக்கம் என ஒரு தலைமுறை பழகியது. அப்பழக்கத்திற்குக் குறளைத் துணையாக்குதல் பிழை. 13ஆம் அதிகாரத்தில் அடக்கமுடைமையைக் கூறிய வள்ளுவரே 73ஆம் அதிகாரத்தில் அவையஞ்சாமையையும் வைத்தார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் பணிவான்; பேச அறியான். இரண்டையும் கற்றவனே, பிறரைச் சிறுமைப்படுத்தாமல் தன் குடியின் குறையைச் சபையில் எடுத்துரைப்பான். கோவூர் கிழார் பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், 46ஆம் பாடலோடு நின்றுவிடாமல் 44ஆம் பாடலையும் சேர்த்தே நடத்துவாராக.