திணையும் டார்வினும்

டார்வின் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகட்கு முன்பே பரிணாமக் கொள்கையைத் தொல்காப்பியர் கண்டு சொல்லிவிட்டார் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். முழக்கம் முடியுமுன் கைதட்டல் எழுகிறது. நாமும் கைதட்டியவர்கள்தாம். திண்டிவனத்தில் நம் வகுப்பறையிலும் அதனையே பெருமிதத்தோடு சொன்னோம். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “அப்படியானால் தசாவதாரமும் பரிணாமம்தானே, ஐயா? மீன், ஆமை, பன்றி, பிறகு மனிதன் என்று வரிசையாகத்தானே வருகிறது?” என்றான். கைதட்டிய கை கூசியது.

அக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2019 சனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவரே டார்வின் கொள்கையைவிடத் தசாவதாரம் சிறந்தது என்று பேசினார். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியையே நீக்கியது. 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். இவற்றைக் கண்டிக்கும் நாம், அவர்கள் கையிலுள்ள அதே கள்ள மரக்காலால் நம் வீட்டு நெல்லை அளக்கலாமா?

மரபியல் கூறுவதுதான் என்ன? புல்லும் மரமும் ஓரறிவின, நத்தையும் சிப்பியும் ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, விலங்குகள் ஐயறிவின, மாந்தர் ஆறறிவினர். படைத்தவன் ஒருவனைத் துணைக்கழைக்காமல், புலன்களையே அளவுகோலாக வைத்து உயிர்களை வகுத்த அறிவு பாராட்டற்குரியது. தமக்கு முன்னரே உணர்ந்தோர் நெறிப்படுத்தியது இது என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வது அதனினும் சிறப்பு. ஆயினும் இது வகைப்பாடு, வரலாறு அன்று. ஓரறிவுயிரிலிருந்து ஈரறிவுயிர் கிளைத்தது என்று அங்கே ஓரெழுத்தும் இல்லை. வகைப்பாட்டிலும் பிழை உண்டு. உழைக்கும் கறையான் பெரும்பாலும் குருடு. எறும்புக்கோ பெரும்பாலும் கண் உண்டு. அதே மரபியல் நால்வகை மாந்தர்க்கும் தனித்தனி மரபு வகுக்கிறது. அவை இடைச்செருகல் என்பர் சிலர்; இருக்கலாம். ஆனால் கசப்பதெல்லாம் இடைச்செருகல், இனிப்பதெல்லாம் மூலம் என்று கொள்வது ஆய்வாகாது.

தொல்காப்பியத்தின் உண்மைப் பெருமை அகத்திணையியலில் இருக்கிறது. நிலமும் பொழுதும் அங்கே முதற்பொருள். மாவும் மரமும் புள்ளும் உணவும் தொழிலும் கருப்பொருள். தெய்வமும்கூட அக்கருப்பொருள்களுள் ஒன்றே. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடத்தில் வரினும், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்க என்றொரு விதியும் உண்டு. மரக்காணத்தை அடுத்த கழுவேலியில் பனிக்காலத்தில் வந்திறங்கும் தொலைநாட்டுப் பறவைகளைக் கண்டவர், அவ்விதியின் அருமையை உணர்வர். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும். நிலம் மாறும், உயிர் இடம்பெயரும் என்ற அளவுக்குக் கண்டவர் நம் முன்னோர். நிலத்துக்கேற்பத் தலைமுறை தலைமுறையாக உயிரினமே மாறும் என்பதை அவர்கள் காணவில்லை.

உயிர் தன் நிலத்துக்குப் பொருந்தியிருக்கிறது என்பது ஒன்று. எப்படிப் பொருந்தியது என்பது மற்றொன்று. முன்னதைத் திணை சொல்கிறது. பின்னதை 1858இல் டார்வினும் வாலேசும் சொன்னார்கள். மறு ஆண்டு டார்வினின் நூல் விரித்துரைத்தது. ஒரே இனத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. பிறப்பன எல்லாம் பிழைப்பதில்லை. இருக்கும் சூழலைத் தாக்குப்பிடிக்கும் வேறுபாடுடையவை மிகுதியாக வழித்தோன்றல்களை விடுகின்றன. நெடுங்காலத்தில் இனமே மாறிவிடுகிறது. தேர்ந்தெடுப்பவன் என்று மேலே ஒருவன் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள நாம் கப்பலேற வேண்டியதில்லை; திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் போதும். தென்னமெரிக்காவில் தோன்றி, மணிலாவின் பெயரை ஒட்டிக்கொண்டு, நம் வட்டாரத்தில் மல்லாட்டையாகிவிட்டது நிலக்கடலை. அதில் கொடியாய்ப் படர்வதும் உண்டு. கொத்தாய் நிற்பதும் உண்டு. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்து 1940இல் வெளியிட்ட வகையே டி.எம்.வி. 2, அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன. கொத்து ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் முற்றும். கொடிக்கு மேலும் ஒரு மாதம் ஆகும். ஆனால் கொத்தின் விதைக்கு உறக்கம் இல்லை. பிடுங்கும் வேளையில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடியின் விதையோ உறங்கும். எது உயர்ந்தது? மழை விரைவில் ஓய்ந்த ஆண்டில் கொத்து. அறுவடையில் மழை கொட்டிய ஆண்டில் கொடி. நிலத்தையும் காலத்தையும் விட்டுவிட்டு உயர்வு தாழ்வு பேசினால் பொருளில்லை. உழவியலார் கை சில ஆண்டில் செய்வதை, இயற்கை நெடுங்காலத்தில் கையில்லாமலே செய்கிறது.

நெடுங்காலம் என்றால் எவ்வளவு? விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் செல்லுங்கள், தோழர்களே! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. புதையுண்ட மரத்தில் நீரோடு புகுந்த சிலிக்கா, நார்நாராக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவை அரக்கனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. அக்கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்பெருக்கியில் பார்த்தவர்கள் கண்டதோ மரத்தின் நாளங்களை! திருவக்கரை, புதுச்சேரிப் பக்கத்து அப்பாறை அடுக்கில் கிடைத்த மரங்கள் சிலவற்றின் உறவினங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழ்கின்றன. இவ்வட்டாரத்தின் காடு அன்று வேறாக இருந்தது என்பதற்கு அக்கல்லே சான்று.

பரிணாமம் ஏணி அன்று. கிளைவிட்டுக்கொண்டே போகும் மரம். உயிர்களை ஏணியில் அடுக்கிப் பழகியவன் மாந்தரிலும் மேற்படி, கீழ்ப்படி தேடுவான். அந்த ஏணியை எதிர்த்து எழுந்த நாம், அதற்குத் தமிழ்ச் சாயம் பூசிக் கொண்டாடுவது தகுமா?

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னோம்: “தசாவதாரம் பரிணாமம் அன்று. தொல்காப்பியம் சொன்னதும் பரிணாமம் அன்று. ஆனால், நிலத்தோடு உயிரைச் சேர்த்துப் பார்த்தவர் நம் புலவர். பார்த்ததற்காக அவர்களைப் போற்றுவோம். பாராததைப் பார்த்ததாகச் சொல்லிப் போற்றவேண்டா.”

“அப்படியானால் நேற்று நீங்கள் சொன்னது தவறா, ஐயா?” என்றான்.

“ஆம், தவறு” என்றோம். அடுத்த வாரம் திருவக்கரைக்குப் போவோம் என்றும் சொன்னோம்.